திண்டுக்கல் சமவெளியும் ஆடுபுலி ஆட்டமும்: ஆட்டக்காரர் கருத்துகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல்

ஆய்வுச் சுருக்கம்

பகடையின் துணையின்றி, இருவர் முறைவைத்துக் காய் நகர்த்தி ஆடும் உத்தி ஆட்டங்களுள் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது ஆடுபுலி ஆட்டம். இதில் இரு தரப்பின் காய்களும் எண்ணிக்கை, ஆற்றல், இலக்கு ஆகிய மூன்றிலும் வேறுபடுகின்றன. அதனால் 'புலி வெல்லுமா, ஆடு வெல்லுமா' என்ற வினா இவ்வாட்டத்தை ஆடுவோரிடையே தீராத வழக்காக நிலவுகிறது. ஆட்டக்காரரின் இத்தகைய கருத்துகள் வெறும் பேச்சாகக் கருதப்பட்டு ஆய்விலிருந்து விலக்கப்படுகின்றன. அவை ஆட்டத்தின் விதி வேறுபாடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் சான்றுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, ஆட்டக் கட்டத்தின் அமைப்பு, காலக் கணிப்பில் உள்ள சிக்கல், போர்ப்பயிற்சி என்னும் விளக்கத்தின் தகுதி, கைபேசிச் செயலிகளால் நேரும் மாற்றம் ஆகியன ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஆடுபுலி ஆட்டம், பதினைந்தாம் புலி, திண்டுக்கல், உத்தி ஆட்டம், வாய்மொழி விதி, விளையாட்டு வரலாறு

1. முன்னுரை

தமிழர் விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் நடந்துள்ளன. சங்க இலக்கியத்திலும் நீதி நூல்களிலும் வரும் குறிப்புகளைத் தொகுப்பது ஒரு வழி. ஊர்களில் ஆடப்பெறும் ஆட்டங்களின் பெயரையும் விதியையும் பதிவு செய்வது மற்றொரு வழி. ஞா. தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூல் இரண்டாம் வழிக்கு முன்னோடியாக அமைந்தது. இவ்விரு வழிகளிலும் 'என்ன ஆடினர்', 'எப்படி ஆடினர்' என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்கிறது. ஆடியவர்கள் தம் ஆட்டத்தைப் பற்றி என்ன கருதினர் என்னும் வினா மட்டும் ஓரத்தில் நிற்கிறது.

இக்காலக் கணினி விளையாட்டு ஆய்வில் நிலைமை வேறு. முறைவைத்து ஆடும் உத்தி ஆட்டங்களைப் பொறுத்தவரை ஆட்டக்காரரின் கருத்து ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றும் வலிமை உடையது. 1994ஆம் ஆண்டு தொடங்கிய எக்ஸ்-காம் வரிசை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதில் ஒரு வீரன் சுடும்போது குறி தப்பாமல் இருப்பதற்கான வாய்ப்பு விழுக்காட்டில் காட்டப்படுகிறது. உயர்ந்த விழுக்காடு காட்டியும் குறி தப்பும்போது, ஆட்டம் தம்மை ஏமாற்றுவதாகவே ஆட்டக்காரர் பலர் உணர்ந்தனர். வடிவமைப்பாளர்கள் அவ்வுணர்வைக் கருத்தில் கொண்டு, எளிய நிலைகளில் திரையில் காட்டும் விழுக்காட்டைவிடச் சற்றுக் கூடுதலான வாய்ப்பை மறைவாக வழங்கும் முறையைக் கையாண்டனர். கருத்து விதியைத் திருத்தியது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஆடுபுலி ஆட்டத்தில் குருட்டு வாய்ப்புக்கு இடமில்லை. எனவே தோற்றவர் பகடையைப் பழிக்க இயலாது. அவர் பழி சொல்லத்தக்கவை இரண்டே: ஒன்று தம் ஆட்டம், மற்றொன்று ஆட்டத்தின் விதி. 'புலி வைத்தவனுக்கே வெற்றி', 'ஆட்டை அறிந்து நகர்த்தினால் புலிக்கு வழியில்லை' என்பன போன்ற கூற்றுகள் இவ்விடத்தில்தான் பிறக்கின்றன. இக்கூற்றுகளை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் மையச் சிக்கலாகும்.

2. நிலமும் ஆட்டமும்

திண்டுக்கல் நகரம் ஒரு தனிப்பாறையின் அடிவாரத்தில் அமைந்தது. கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் நிற்க, இடைப்பட்ட வறண்ட சமவெளியின் வழியே குடகனாறு வடக்கு நோக்கி ஓடுகிறது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் மானாவாரி வேளாண்மையும் ஆடு வளர்ப்பும் இணைந்தே நடைபெறுகின்றன. வேடசந்தூர் வட்டத்தைச் சேர்ந்த அய்யலூரில் வியாழன்தோறும் கூடும் ஆட்டுச்சந்தை இன்றும் தென் மாவட்டங்களில் பெயர்பெற்றது. நகருக்குள் 'தோல் ஷாப்' என்று மக்கள் வழங்கும் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் ஆட்டுத்தோலை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. ஆடு இந்நிலத்தின் பொருளியலில் மையமான உயிரினம். புலியும் சிறுத்தையும் சமவெளியைச் சூழ்ந்த மலைகளிலிருந்து வரும் அச்சமாகவே மேய்ப்பவர் நினைவில் இருந்தன.

இத்தகைய நிலத்தில் ஆடும் புலியும் எதிரெதிரே நிற்கும் ஆட்டம் வேரூன்றியது இயல்பே எனத் தோன்றும். ஆயினும் நிலத்திலிருந்து ஆட்டத்தை நேராக வருவிப்பது பிழையாகும். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் இதே அமைப்பை ஒத்த ஆட்டங்கள் புலியின் பெயராலேயே வழங்குகின்றன. நேபாளத்தில் 'பாக்சால்' என்னும் ஆட்டம் 4 புலிகளையும் 20 ஆடுகளையும் கொண்டு ஆடப்பெறுகிறது. இலங்கையில் எச். பார்க்கர் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் நூலில், 7 சிறுத்தைகள் ஒரு புலியைச் சூழ்ந்து அடைக்கும் முக்கோண ஆட்டம் ஒன்று விளக்கப்படுகிறது. ஐரோப்பாவில் நரியும் வாத்துகளும் எதிர்நிற்கும் ஆட்டம் நெடுங்காலமாக வழங்கியது. பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுதிய எச். ஜே. ஆர். மரே, 1952ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இவ்வகையனைத்தையும் வேட்டை ஆட்டங்கள் என்னும் ஒரே தொகுதிக்குள் அடக்கினார். சிலர் பலர் என்னும் எண்ணிக்கை வேறுபாடே இத்தொகுதியின் அடிப்படை. உயிரினப் பெயர் அந்தந்த நிலத்தின் பழக்கத்தைத் தழுவி அமைவது. ஆகவே திண்டுக்கல் சமவெளி இவ்வாட்டத்தின் பிறப்பிடமா என்று வினவுவதைவிட, இந்நிலத்து மக்கள் இதனை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்று வினவுவதே பயன்தரும்.

3. கட்டத்தின் அமைப்பு

தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட வடிவில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உள்ளன. ஆடுகளின் எண்ணிக்கையை ஒட்டிப் 'பதினைந்தாம் புலி' என்னும் பெயரும் இவ்வாட்டத்துக்கு வழங்குகிறது. கட்டம் மலை போன்றது. உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்குகின்றன. அவற்றை 3 கிடைக்கோடுகள் குறுக்கே வெட்டி, இருபுறமும் வெளியே நீள்கின்றன. நீண்ட முனைகளை இருபுறமும் ஒவ்வொரு நெடுக்குக் கோடு இணைக்கிறது. அடியில் ஒரு கிடைக்கோடு 4 சாய்கோடுகளின் முனைகளையும் சேர்க்கிறது. உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள் அமைகின்றன.

கரித்துண்டால் திண்ணையிலோ, கல்லால் கீறிப் பாறையிலோ இக்கட்டத்தை வரைந்துவிடலாம். காய்களுக்குப் புளியங்கொட்டை, கூழாங்கல், ஓட்டுச்சில் ஆகியன போதும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைக்கப்படும். 15 ஆடுகளும் இறங்கிய பின்னரே ஆடுகளை நகர்த்தலாம். புலி அடுத்த புள்ளிக்கு நகரும். அடுத்த புள்ளியில் ஆடும் அதற்கப்பால் நேர்க்கோட்டில் வெற்றிடமும் இருப்பின் தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது. மூன்று புலிகளையும் நகர வழியின்றி அடைப்பதே ஆட்டின் வெற்றி.

இவ்வமைப்பைக் கணக்கிட்டு நோக்கினால் ஆட்டத்தின் உள்ளியல்பு தெளிவாகும். ஒரு கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டை அக்கோட்டின் வழியே தாண்ட முடியாது. உச்சி, இருபுற நீட்சிகளின் 4 மூலைகள், அடிக்கோட்டின் 2 முனைகள் ஆகிய 7 புள்ளிகளும் எத்திசையிலும் தாண்ட இயலாதவை. பக்க நெடுக்குக் கோடுகளின் நடுப்புள்ளிகள் இரண்டும், அடிக்கோட்டின் உட்புள்ளிகள் இரண்டும் ஒரு திசையில் மட்டும் தாண்டத்தக்கவை. எஞ்சிய 12 புள்ளிகள் இரு திசைகளிலும் தாண்டத்தக்கவை. அதாவது 15 ஆடுகளில் ஏழுக்கு மட்டுமே முழுக் காப்பிடம் உண்டு. எட்டு ஆடுகளேனும் ஒன்றையொன்று காத்து நிற்க வேண்டியவை. பின்னிடம் நிரம்பியிருந்தால் முன்னிருக்கும் ஆடு தப்பும் என்பதே அக்காப்பின் நெறி.

புலியின் பக்கமும் இவ்வாறே கணக்கிடத்தக்கது. நீட்சியின் மூலையில் நிற்கும் புலிக்கு அண்டைப் புள்ளிகள் இரண்டு. தாண்டி இறங்கும் இடங்கள் இரண்டு. இந்நான்கும் நிரம்பினால் அப்புலி அடைபடும். உச்சியில் நிற்கும் புலியை அடைக்க, கீழுள்ள 4 புள்ளிகளும் அவற்றிற்கு அடுத்த 4 புள்ளிகளும் ஆக 8 இடங்கள் நிரம்ப வேண்டும். ஒரே ஆடு இரு புலிகளுக்குத் தடையாக நிற்குமாயின் மொத்தத் தேவை குறையும். புலியை மூலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது பழகிய ஆட்டக்காரர் கூறும் அறிவுரை. நான்குக்கும் எட்டுக்கும் உள்ள இவ்விகிதமே அதன் அடிப்படை. எழுதப்படாத அறிவு கணக்கோடு ஒத்துப்போவதற்கு இது ஒரு சான்று.

4. காலக் கணிப்பில் உள்ள சிக்கல்

தமிழகத்துக் கோயில் தளங்களிலும் மண்டபங்களிலும் பாறைகளிலும் ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டுள்ளமை அறிந்ததே. இவற்றைக் கொண்டு ஆட்டத்தின் பழமையை நிறுவ முயல்வோர், கட்டம் உள்ள கட்டடத்தின் காலத்தையே கட்டத்தின் காலமாகக் கொள்வதுண்டு. இம்முறை ஏற்கத்தக்கதன்று. கட்டடம் எழுந்த பின் எந்நாளிலும் ஒருவர் உளியோ கூர்ங்கல்லோ கொண்டு கோடுகளை இழைத்திருக்கலாம்.

இப்பிழை உலக அளவில் ஒருமுறை பெரிய விளைவை ஏற்படுத்தியது. எகிப்தின் குர்னா கோயிலின் கூரைக் கற்களில் காணப்பட்ட ஆட்டக் கட்டங்களைப் பார்க்கர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவையாகக் கருதினார். மரே அதனை ஏற்றார். பல நூல்கள் அதை வழிமொழிந்தன. அதே கற்களில் கிறித்தவர் காலத்துச் சிலுவைக் குறிகளும் கலந்திருப்பதைப் பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டிய பின்னரே அக்காலக் கணிப்பு ஐயத்துக்கு உள்ளாயிற்று.

திண்டுக்கல் மலைக்கோட்டை போன்ற இடத்துக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்தும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட இக்கோட்டை, 1755இல் ஐதர் அலியின் பொறுப்பில் வந்தது. 1767இலும் 1783இலும் ஆங்கிலேயர் கைக்கு மாறி மீண்டும் மைசூருக்குச் சென்று, 1790இல் அவர்களால் கைப்பற்றப்பட்டு, 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாக அவர்கள் வசமாயிற்று. நாயக்கர் படை, மைசூர்ப் படை, கும்பினிப் படை என மாறிமாறி வந்த காவலரும், பின்னர் மலையேறிய ஊர்மக்களும் உலவிய பாறையில் காணப்படும் எந்தக் கீறலையும் ஒரு நூற்றாண்டுக்கு உரியதாகச் சுட்ட, கீறல் மட்டும் போதாது. கோட்டின் ஆழம், தேய்மானம், அருகிலுள்ள எழுத்துகள், கற்கள் பெயர்த்து அடுக்கப்பட்டனவா என்னும் செய்தி ஆகிய அனைத்தும் ஒருங்கே நோக்கப்பட வேண்டும்.

இலக்கியச் சான்றும் இவ்விடத்தில் நேராக உதவுவதில்லை. சங்க இலக்கியத்தில் இடம்பெறும் வல்லு, திருக்குறளின் சூது அதிகாரத்தில் வரும் கழகம் ஆகியன பொருள் வைத்து ஆடும் கவறாட்டம் சார்ந்தவை. கீழடி அகழாய்வில் கிடைத்த பகடைக்காய்களும் வாய்ப்பு ஆட்டங்களின் பழமையையே காட்டுகின்றன. வாய்ப்பு ஆட்டத்துக்குரிய சான்றை உத்தி ஆட்டத்துக்கு ஏற்றிச் சொல்வது இரு வேறு மரபுகளைக் குழப்புவதாகும். ஆக, கல்லும் ஏடும் அமைதி காக்கும் இடத்தில் எஞ்சி நிற்பது ஆடுவோரின் வாய்மொழியே.

5. 'புலி வெல்லும்', 'ஆடு வெல்லும்'

ஆட்டக்காரரிடையே நிலவும் கருத்துகளை இருவகையாகப் பகுக்கலாம். புலி எளிது, ஆடு கடிது என்பது முதல் வகை. புலி வைத்தவர் மூன்று காய்களையே கவனிக்க வேண்டும். எதிரியின் ஒரு தவறு அவருக்கு ஓர் ஆட்டைத் தரும். இழந்த ஆடு திரும்புவதில்லை. ஆகவே புதிதாகக் கற்பவர் புலியையே விரும்புவர். பொறுமையுடன் ஆடினால் ஆடே வெல்லும் என்பது இரண்டாம் வகை. எண்ணிக்கையும் நேரமும் ஆட்டின் பக்கம் உள்ளன. புலி எங்கு நின்றாலும் அதன் வழிகள் எண்ணத்தக்கவை. ஆகவே தேர்ந்தவர் தம் திறனைக் காட்ட ஆட்டை ஏற்பர்.

மேற்போக்காக இவை முரண்பட்டவை. நுணுகி நோக்கின், இரண்டும் வேறு வேறு வினாக்களுக்கு உரிய விடைகள். முதற்கருத்து சமமான பழக்கமற்ற இருவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றியது. இரண்டாம் கருத்து தவறு செய்யாத இருவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றியது. தவறின் விலை இரு தரப்புக்கும் ஒன்றன்று. புலியின் பிழையான நகர்வைப் பெரும்பாலும் அடுத்த முறையில் திருத்திக்கொள்ளலாம். ஆட்டின் பிழை ஒரு காயை நிலையாகக் குறைக்கும். எனவே பழக்கம் குறைந்த இடத்தில் புலி ஓங்குவதும், பழக்கம் மிகுந்த இடத்தில் ஆடு ஓங்குவதும் ஒரே ஆட்டத்தின் இரு நிலைகளே.

இவ்வினாவுக்கு முழுமையான கணித விடை தேடும் முயற்சி நேபாளத்துப் பாக்சால் ஆட்டத்தில் நடந்துள்ளது. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகிய இரு கணினி அறிவியலாளர்கள் இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதனை ஆராய்ந்தனர். எல்லா ஆடுகளும் இறங்கிய பின் தோன்றக்கூடிய நிலைகள், சமச்சீரானவற்றை நீக்கியும் ஏறத்தாழ 8.8 கோடி. அவற்றை இறுதியிலிருந்து பின்னோக்கிக் கணித்து, ஆடு வைக்கும் கட்டத்தையும் ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்னும் முடிவை அவர்கள் அடைந்தனர்.

அம்முடிவைத் தமிழகத்துக் கட்டத்துக்கு அப்படியே பொருத்தலாகாது. பாக்சாலில் 25 புள்ளிகளுக்கு 24 காய்கள். ஆடு ஒன்றும் இழக்கப்படாவிடில் எஞ்சும் வெற்றிடம் ஒன்றே. ஆடுபுலியில் 23 புள்ளிகளுக்கு 18 காய்கள். எஞ்சும் வெற்றிடம் ஐந்து. ஆகவே பாக்சாலின் சுமை ஆடு வைக்கும் கட்டத்தில் மிகுதி; ஆடுபுலியின் சுமை நகர்த்தும் கட்டத்திலும் கணிசமாக உள்ளது. 15 ஆடுகளும் இழப்பின்றி இறங்கி முடிந்த நிலையில் மூன்று புலிகளையும் ஆடுகளையும் 23 புள்ளிகளில் அமைக்கக்கூடிய வகைகள் 2,74,57,584. கட்டம் இடவலச் சமச்சீர் உடையதாதலின் வேறுபட்ட நிலைகள் இதில் ஏறத்தாழப் பாதியே. இக்காலக் கணினிக்கு இது பெரிய எண்ணன்று. தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் இணைந்தால் இவ்வாட்டத்துக்கும் அத்தகைய விடையைக் காண இயலும். ஆனால் எந்த விதியைக் கணினியிடம் அளிப்பது என்னும் வினா முதலில் எழும். அதுவே அடுத்த பகுதியின் பொருள்.

6. விதி வேறுபாடும் 'பேசிவைத்தலும்'

'புலிக்கே வெற்றி' என்று ஒருவர் கூறும்போது அவர் எந்த விதியின்கீழ் ஆடியவர் என்பதை அறியாமல் அக்கூற்றை மதிப்பிட முடியாது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டிய வினாக்கள் பல.

முதலாவது, புலிகளின் தொடக்க இடம். மூன்று புலிகளும் உச்சியிலும் அதன் கீழும் முன்னரே வைக்கப்படலாம். அன்றி ஆட்டோடு முறைமாற்றி ஒவ்வொன்றாகவும் வைக்கப்படலாம். பின்னதில் முதற்சில ஆடுகள் அச்சமின்றி இடம்பிடிக்கும். இரண்டாவது, ஆடுகள் அனைத்தும் இறங்குமுன் புலி வெட்டலாமா என்பது. வெட்டலாகாது எனில் ஆடு தன் அணிவகுப்பை முழுமையாக அமைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் கூர்மை பாதியாகும். மூன்றாவது, ஒரே முறையில் தொடர்ந்து தாண்டி இரண்டு ஆடுகளை வெட்டலாமா என்பது. வெட்டலாம் எனில் இடைவெளி விட்டு நிற்கும் ஆடுகள் பேரிழப்புக்கு உள்ளாகும். நான்காவது, வெட்ட வாய்ப்பிருந்தும் புலி வெட்டாதிருக்கலாமா என்பது. வெட்டியே ஆகவேண்டும் எனில் ஆட்டுக்கு ஒரு புதிய கருவி கிடைக்கும்: ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியை மூலைக்கு இழுக்கலாம். ஐந்தாவது, எத்தனை ஆடுகள் வெட்டப்பட்டால் புலி வென்றதாகக் கொள்வது என்பது. அனைத்தும் தீரும்வரை ஆடுவதும், அடைக்கப் போதாத எண்ணிக்கை வந்ததும் ஆட்டத்தை முடிப்பதும் வேறுவேறு ஆட்டங்களே.

இவ்வைந்தில் ஒவ்வொன்றும் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. ஆகவே ஆட்டக்காரர் கருத்துகளில் தென்படும் முரண்பாடு அவர்தம் அறியாமையைக் காட்டுவதன்று. அவர்கள் கற்ற விதியின் தடயத்தைக் காட்டுவது. புலிக்கு வெட்டும் கட்டாயம் உள்ள ஊரில் வளர்ந்தவர் 'ஆடு வெல்லும்' என்பார். தொடர்தாண்டல் உள்ள ஊரில் வளர்ந்தவர் 'புலி வெல்லும்' என்பார். இருவரும் சந்தையிலோ திருவிழாவிலோ எதிரெதிரே அமரும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. அப்போது 'முதலில் பேசிக்கொள்வோம்' என்று ஆட்டத்துக்கு முன் நிகழும் சிறு உடன்படிக்கை, விதி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பெயரும் தருணமாகும்.

திண்டுக்கல் சமவெளி இத்தகைய சந்திப்புகளுக்கு உரிய இடம். மதுரை, திருச்சிராப்பள்ளி, கரூர், பழனி ஆகிய நான்கு திசை வழிகளும் இந்நகரில் கூடுகின்றன. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் இவ்வழியே நடக்கின்றனர். ஆடு வாங்க வருவோரும் காய்கறி ஏற்றி வருவோரும் சந்தைதோறும் காத்திருக்கின்றனர். காத்திருப்பு இவ்வாட்டத்தின் இயல்பான பொழுது. எனவே ஒரே விதியைத் தேடிப் பதிவு செய்யும் களப்பணியைவிட, கருத்தையும் அதனோடு பிணைந்த விதியையும் ஆடியவர் அதனைக் கற்ற ஊரையும் மூன்று நிரல்களாகப் பதிவு செய்யும் களப்பணியே இங்குத் தேவை. அப்பதிவுகளை நிலப்படத்தில் இட்டால் வழிகளும் சந்தைகளும் மேய்ச்சல் பாதைகளும் ஆட்டத்தின் பரவலோடு கொண்ட உறவு புலப்படும்.

7. போர்ப்பயிற்சி என்னும் விளக்கம்

ஆடுபுலி ஆட்டத்தைப் படைவீரர்க்கான போர்ப்பயிற்சியாகவும், சிறு படை பெரும்படையை எதிர்க்கும் உத்தியாகவும் விளக்கும் போக்கு பொதுமக்களுக்கான எழுத்துகளில் காணப்படுகிறது. திண்டுக்கல் வரலாறு இவ்விளக்கத்துக்கு எளிதில் இடந்தரும். பாளையங்கள் நிறைந்த பகுதி இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆங்கிலேயருக்கு எதிரான கூட்டணியில் முதன்மையானவராக நின்றார். மைசூர் அரசின் திப்பு புலியைத் தம் சின்னமாகக் கொண்டிருந்தார். புலி, கோட்டை, படை ஆகிய மூன்றும் ஒரே ஊரில் கூடியிருப்பதால் ஆட்டத்தை அவற்றோடு முடிச்சிடும் விருப்பம் தோன்றுவது வியப்பன்று.

ஆயினும் இவ்விளக்கம் இரு காரணங்களால் வலுவிழக்கிறது. மைசூர் ஆட்சியின் எல்லைக்கு மிகத் தொலைவிலுள்ள நேபாளத்திலும் புலி இதே பங்கை ஏற்கிறது. ஆகவே ஆட்டத்துப் புலிக்கும் அரசச் சின்னத்துக்கும் தொடர்பு கற்பிக்க அடிப்படையில்லை. மேலும், ஆட்டத்தின் பொருள் ஆடுவோரின் நிலையைச் சார்ந்து மாறுவது. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் இங்கிலாந்தில் நரி வாத்து ஆட்டத்தின் வழிவந்த முற்றுகை ஆட்டம் 'அதிகாரிகளும் சிப்பாய்களும்' என்னும் பெயரில் வழங்கியது. அங்குக் கோட்டையைக் காக்கும் சிலர் ஆங்கில அதிகாரிகள். சூழ்ந்து வரும் பலர் இந்தியச் சிப்பாய்கள். ஆட்டத்தை வாங்கியவரின் பரிவு சிலர் பக்கம் நின்றது. ஆடுபுலியில் பலராக நிற்பவை ஆடுகள். அவை தனித்து வலிமையற்றவை. சேர்ந்து நின்றால் வலியவனையும் அசையாது நிறுத்துபவை. தேர்ந்த ஆட்டக்காரர் ஆட்டின் பக்கத்தையே மதிப்புக்குரியதாகக் கருதுவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒத்த அமைப்புடைய இரு ஆட்டங்களில் பரிவு எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறது. அதனை வெளிப்படுத்துவது கட்டத்தின் வடிவமன்று, ஆடியவர் கருத்தே.

8. செயலியின் காலத்தில் விதி

ஆடுபுலி ஆட்டம் இன்று கைபேசிச் செயலிகளாகவும் கிடைக்கிறது. துணைக்கு ஆள் இல்லாதவரும் ஆடலாம். நகர்ப்புறச் சிறுவருக்கும் ஆட்டம் அறிமுகமாகிறது. இந்நன்மை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் செயலி ஒவ்வொன்றும் மேற்கூறிய ஐந்து வினாக்களுக்கும் ஒரு விடையைத் தேர்ந்தே எழுதப்படுகிறது. தேர்ந்தெடுத்தவர் யார், எந்த ஊர் வழக்கைத் தழுவினார் என்பது ஆடுபவருக்குத் தெரிவதில்லை. வெட்டக்கூடாத இடத்தில் வெட்ட முயன்றால் திரை அசையாது நிற்கும். வாதிட எதிரே ஆளில்லை. பேசிவைத்தல் என்னும் நிகழ்வே அங்கு இல்லாமற் போகிறது.

இதன் விளைவு மெல்லியதாயினும் ஆழமானது. செயலி வழியாகக் கற்ற தலைமுறை, தான் கற்ற விதியே ஆட்டம் எனக் கொள்ளும். பாட்டனார் வேறு விதியைச் சொன்னால் அது மறதியாகக் கருதப்படும். வேறுபாடு பிழையாக மாறும் இடத்தில் வரலாற்றுச் சான்று அழிகிறது. கணினி உத்தி ஆட்டங்களில் ஆட்டக்காரரின் கருத்து அடுத்த பதிப்பைத் திருத்தும் வழி உண்டு. வாய்மொழி ஆட்டத்தில் ஆட்டக்காரரே வடிவமைப்பாளர். அவர் கருத்தைப் பதியாமல் கட்டத்தை மட்டும் பாதுகாப்பது, உரையை இழந்து சுவடியை மட்டும் காப்பதற்கு ஒப்பாகும்.

இதற்குத் தீர்வு செயலியைப் புறக்கணிப்பதன்று. விதிகளைத் தொடக்கத்தில் தேர்ந்துகொள்ளும் வசதியும், ஒவ்வொரு விதிக்கும் அது வழங்கும் வட்டாரத்தின் பெயரும் இணைக்கப்படுமாயின், செயலியே பேசிவைத்தலின் புதிய களமாகும். அதற்கு வேண்டிய தரவைத் தருவது களப்பணியாளரின் கடமை.

9. முடிவுரை

ஆடுபுலி ஆட்டத்தின் 23 புள்ளிகளில் 7 மட்டுமே ஆட்டுக்கு முழுக் காப்பானவை என்பதும், மூலையிலுள்ள புலியை அடைக்க 4 இடங்களும் உச்சிப் புலியை அடைக்க 8 இடங்களும் நிரம்ப வேண்டும் என்பதும் ஆட்டக்காரரின் வாய்மொழி அறிவுக்குக் கணக்கடிப்படை உண்டு என்பதை உணர்த்துகின்றன. எத்தரப்பு வெல்லும் என்பது பற்றிய கருத்து முரண், ஆடுவோரின் பழக்க அளவையும் அவர் கற்ற விதியையும் சார்ந்தது. கல்லில் உள்ள கட்டம் தன் காலத்தைத் தானே உரைப்பதில்லை. இலக்கியத்துக் கவறாட்டம் வேறு மரபினது. போர்ப்பயிற்சி விளக்கம் சான்றினும் விருப்பத்தையே மிகுதியாகச் சார்ந்தது. எனவே இவ்வாட்டத்தின் வரலாற்றை எழுதுவதற்கு, ஆடியவர் கருத்தை விதியோடும் ஊரோடும் சேர்த்துப் பதிவு செய்வதே முதன்மையான வழியாகிறது.

திண்டுக்கல் சமவெளியில் அப்பணிக்கு வேண்டிய களங்கள் சந்தைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கோயில் மண்டபங்களிலும் உள்ளன. அங்கு அமர்ந்து காய் நகர்த்திய தலைமுறை முதுமை எய்தி வருகிறது. செதுக்கிய கோடுகள் இன்னும் பல நூற்றாண்டுகள் நிலைக்கலாம். அக்கோடுகளின்மேல் எவ்வாறு ஆடினர், ஏன் அவ்வாறு ஆடினர் என்பதைச் சொல்லக்கூடியவர் உள்ளபோதே கேட்டுப் பதிவதில்தான் இவ்வாய்வின் எதிர்காலம் அடங்கியுள்ளது.